கொசுறாக வந்த கடல்

கோயம்பேட்டில் கொத்தமல்லிக் கட்டை மொத்த விலைக்கு விற்கும் பட்டம்மாள், வாடகைக்கு விடலாமென்று கடற்கரையோரம் இரண்டாவதாக ஒரு வீட்டை விலைபேசி முடித்த பகலில், எந்த விலை படிந்தாலும் கடைசியில் கேட்பதைப் போல அன்றைக்கும் கொசுறு கேட்டாள். அந்தக் கொசுறாகத்தான் தாழங்காட்டுக்குப்பத்துக் கடல் அவளுக்கு வந்து சேர்ந்தது.

கொசுறு வாங்காமல் எழுந்து வந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற ரகம் அவள். ஊரே சும்மா கேட்டு வாங்குகிற கொத்தமல்லியையும் கருவேப்பிலையையும் காசுக்கு விற்றே வியாசர்பாடியில் தனக்கென்று ஒரு வீடு கட்டியவள். லாரிக்கடியில் உதிர்ந்து கிடந்த தழையைப் பொறுக்கிக் கட்டுப் போட்டதில் தொடங்கிய வியாபாரம் அது. அவளிடம் எவனாவது கொசுறு கேட்டால், கேட்டவன் நாலு கடை தள்ளிப் போய் நின்றுதான் மூச்சு விடுவான். புருஷன் என்று ஒருவன் இருந்தான். அவனை எவளோ கொசுறாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அவளே சொல்லுவாள், சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தலை காயவேண்டும். கொத்தமல்லி வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த சாக்கிலேதான் வரும், அந்தச் சாக்கு தலையிலேதான் ஏறும், ஏறியதும் தண்ணீர் பிடரி வழியாக ரவிக்கைக்குள் இறங்கும். இப்படியே வருஷக்கணக்கில் இறங்கி இறங்கி அவள் நெஞ்சில் போய்க் குடியேறிவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இன்னும் ரெண்டு மழைக்காலம் ஈரத்தைச் சுமந்தால் அப்புறம் உன்னை நாலு பேர் சுமக்கவேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அந்த டாக்டரோடும் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தாள். ஆனாலும் அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். கடற்கரைப் பக்கம் சனி ஞாயிறு ஆனால் பட்டணத்து ஜனம் கார் கட்டிக்கொண்டு போகிறது, போய் எவன் வீட்டிலோ காசு கொடுத்துப் படுத்துவிட்டு வருகிறது, அந்த எவன் வீடு ஏன் என் வீடாக இருக்கக்கூடாது என்று. மாசம் பிறந்தால் வாடகை கைக்கு வரவேண்டும், தலை காய்ந்து கிடக்கவேண்டும், அவ்வளவுதான்.

தாழங்காட்டுக்குப்பத்தில் தேசிங்கு என்ற கிழவரின் வீடு அதற்கென்றே கட்டின மாதிரி இருந்தது. முன்னால் காம்பவுண்டு, காம்பவுண்டுக்குள் போர்ட்டிகோ, கீழே ஏசி ரூம், கிரானைட் போட்ட சமையல்கட்டு, மேலே ஒரே ஒரு ரூம், அந்த மேல் ரூம் ஜன்னலைத் திறந்தால் சட்டம் போட்டு மாட்டின மாதிரி கடல். கப்பலில் வேலை பார்த்த மகன் அனுப்பியதில் தேசிங்கு கட்டியது. மகன் போன இடத்திலேயே தங்கிவிட, கிழவர் திண்டிவனத்தில் மகள் வீட்டோடு போவதென்று விற்க வந்தார். பட்டம்மாள் காலையில் வந்து உட்கார்ந்தவள், உப்புக்காற்றில் துரு ஏறின கம்பியைச் சொன்னாள், குழாய் சொட்டுவதைச் சொன்னாள், சுவரில் தலைமயிர் கனத்தில் ஓடின விரிசலைச் சொன்னாள், கடைசியில் மொட்டைமாடியில் காக்கை எச்சம் இருப்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல தேசிங்கு இறங்கினார், இறங்கி இறங்கி இனி இறங்கப் படியில்லாத இடத்தில் வந்து நின்றார். குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் சஞ்சீவிதான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார்.

"சரி, வெலை ஆச்சு. கொசுறு இன்னா குடுப்ப?" என்றாள் பட்டம்மாள்.

"என்னாண்ட இன்னும் என்னம்மா இருக்குது? தோள்ல இந்தத் துண்டுதான் இருக்குது."

"அது கீதே," என்று அவள் வாசலுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

தேசிங்கு திரும்பிப் பார்த்தார். அவர் கோபத்தில் செய்தாரா, விட்டது சனியன் என்று செய்தாரா என்பதைப் பற்றி இன்றைக்கும் ஊரில் ரெண்டு கட்சி உண்டு. எழுந்து போய் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, ஒரு செம்பு மொண்டுகொண்டு வந்து, நாட்டார் முன்னாலேயே பட்டம்மாளின் வலது உள்ளங்கையில் ஊற்றினார். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் பெண்ணைக் கொடுத்தாலும் படகைக் கொடுத்தாலும் தண்ணீர் வார்த்துத்தான் கொடுப்பார்கள். வார்த்துவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான், கொடுத்தவன் கேட்டாலும் திரும்பாது, வாங்கினவள் வேண்டாமென்றாலும் போகாது. பட்டம்மாள் மட்டும் அது தெரியாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

சவுக்குத் தோப்பு தாண்டுகிறபோது பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், ஒரு முழ அகலத்துக்குக் கடல் அவள் காலடியை மோந்துகொண்டே வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. பஸ் வந்து நின்றதும் முதல் படிவரைக்கும் ஏறிவிட்டது. ஈரத்தையெல்லாம் ஏற்றினால் சீட்டு பாழாகிவிடும், லக்கேஜ் போட்டாலும் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். நான் ஏற்றச் சொன்னேனா என்று பட்டம்மாள் அவரிடம் எகிறிவிட்டு, கீழே குனிந்து, வீட்டாண்டையே இருக்கவேண்டும், வாடகைக்கு வருகிற ஜனத்திடம் ஒழுங்காக நடந்துகொள்ளவேண்டும் என்று விரலை ஆட்டி அதட்டினாள். கடல் கொஞ்சநேரம் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சவுக்குச் சருகையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்த வழியே போயிற்று. கை மாறின மாடு அப்படித்தான் கொஞ்ச நாளைக்குப் பின்னாலேயே வரும், அப்புறம் பழகிவிடும் என்று டீக்கடையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பழகியது ஊர்தான். அதுவரைக்கும் கடல் எதைச் செய்தாலும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்த ஜனத்துக்கு, இப்போது கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாள், அந்த ஆளுக்கு ஒரு போன் நம்பரும் இருந்தது. உங்கள் கடல் எங்கள் வலையைக் கிழித்துவிட்டது, உங்கள் கடல் காயப்போட்ட நெத்திலியை வாரிக்கொண்டு போய்விட்டது, உங்கள் கடல் கோலம் போட்ட வாசலில் வந்து ஜெல்லி மீனைப் போட்டுவிட்டுப் போகிறது, நாங்கள் உங்கள் கௌரவத்துக்காகப் பார்க்கிறோம் என்று மார்க்கெட்டில் வியாபாரம் சூடாக இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல் அவள் ஒருநாள் பஸ் ஏறி வந்து பஞ்சாயத்துக்காரர் முன்னால் நின்று, மேய்க்கிறது நீங்கள், கறக்கிறது நீங்கள், சாணி அள்ளுகிறது மட்டும் நானா, அது எந்த ஊர் நியாயம் என்று ஒரு போடு போட்டாள். கூட்டம் அதில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டது. வலைக்கும் நெத்திலிக்கும் அவள் பொறுப்பில்லை. ஆனால் வந்து ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் போகவேண்டும், உடையவள் சொன்னால்தான் அது கேட்கும் என்று தீர்ப்பாயிற்று.

அப்படியே நடந்தது. ஞாயிறானால் வருவாள். கரையில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அந்த வாரத்துக் குற்றத்தையெல்லாம் சொல்லித் திட்டுவாள், கோயம்பேட்டுத் திட்டு. குழந்தைகளின் காதைத் தாய்மார்கள் பொத்துவார்கள், கடல் நுரையை உள்ளே இழுத்துக்கொண்டு குறுகிக் கிடக்கும். பெண்கள் அவளுக்காக அவரவர் வீட்டிலிருந்து குற்றங்களைச் சேகரித்து வைத்தார்கள். திட்டி முடித்து வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, ஜன்னலுக்குத் திரை, கட்டிலுக்கு மெத்தை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். வீட்டைப் போட்டோ எடுக்க ஆள் வந்த அன்றைக்கு, கொஞ்சம் நீலமாக இரு என்று கடலிடம் சொன்னாள், இருந்தது.

பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். தங்கள் விருந்தாளிகளுக்கென்று வீட்டை வருஷக் குத்தகைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மேல் ரூமில் ஜன்னலைத் திறந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம், கீழே எதுவும் இல்லாவிட்டால்கூட இந்த ரூம் ஒன்றுக்கே ஆள் வரும் என்றார். பேரம் பேசத் தெரியாத மனுஷன், வாயை விட்டுவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்து என்று ஏற்பாடு. பட்டம்மாள் மார்க்கெட்டுக்குப் போய், தன் கடையை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம் தெற்கத்திக் காற்று அடித்தது. தொழிலுக்குப் போன படகெல்லாம் திரும்ப, கன்னியப்பனின் பைபர் படகு மட்டும் திரும்பவில்லை. போனவர்கள் தேடினார்கள், அதிகாரிகள் பெரிய படகில் வந்து தேடினார்கள், ஹெலிகாப்டர்கூட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. அவன் மனைவி செங்கேணி இவர்கள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டம்மாள் வருகிற பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

"எம்மா, உங்க கடல் எங்க வூட்டுக்காரரை வச்சிருக்குது," என்றாள். "கேட்டு வாங்கிக் குடுங்க."

மறுநாள் கையெழுத்து. பட்டம்மாளுக்கு வந்த கோபத்தில் செருப்பைத் தோப்பிலேயே உதறிவிட்டு, கொதிக்கிற மணலில் நேராக நடந்து போய்த் தண்ணீரில் நின்று திட்ட ஆரம்பித்தாள். அதுவரைக்கும் திட்டாத திட்டு. ஆனால் அன்றைக்குக் கடல் குறுகவில்லை, நுரையை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்து அவளையே பார்த்தது. பட்டம்மாள் பாதித் திட்டில் நிறுத்தினாள். இந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். விலை கேட்கிறவனோடு சண்டை போடலாம், குறை சொல்கிறவனைக் கவிழ்க்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் சரக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் ஆபத்தானவன், என்ன எடுப்பதென்று முடிவு செய்துவிட்டு வந்தவன் அவன்.

அவளும் வாயை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். முதலில் வாய் திறக்கிறவர் தோற்பார், அது மார்க்கெட்டில் அவள் அடிபட்டுக் கற்றது. வெயில் உச்சிக்கு வந்தது. ஊர் முழுக்க வந்து தாழம்புதரின் நிழலில் ஏலம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. இந்த அம்மாவை எவனும் ஜெயித்ததில்லை என்று ஒருத்தி சொல்ல, அதுவும் இதுவரைக்கும் எவரிடமும் தோற்றதில்லையே என்று இன்னொருத்தி சொன்னாள். செங்கேணி அழவில்லை. முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போடுவாள். பட்டம்மாள் கடலைப் பார்த்தாள், அந்த முடிச்சைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், அந்த முடிச்சையே பார்த்தாள்.

"இன்னாதான் வேணும் உனக்கு?" என்றாள் கடைசியில். தாழை நிழலில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

ஓர் அலை எழுந்து அவளைத் தாண்டிப் போய்க் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. எடுத்துக்கொள், ஆளைக் கொடு என்றாள். சுவர் வெல்லக்கட்டி கரைவதைப் போலச் சத்தமில்லாமல் கரைந்தது. கரைந்த இடத்தில் அலை ஒரு டீசல் கேனைக் கொண்டுவந்து வைத்தது. கன்னியப்பன் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. கேனை யார் கேட்டது, நான் கேட்டது ஆளை, என்ன தவணையிலா கொடுக்கிறாய் என்று பட்டம்மாள் அதை எட்டி உதைத்தாள். போர்ட்டிகோவைக் கொடுத்தாள், படகு என்ஜின் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏசி ரூமையும் கிரானைட் சமையல்கட்டையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லிப் பார்த்தாள். கடல் சுவர்களை உருவிக்கொண்டு நாலு தூணையும் மாடிப்படியையும் மேல் ரூமையும் மட்டும் அந்தரத்தில் விட்டுவிட்டு, ஒரு கைலியைக் கரையில் போட்டது.

கூட்டத்தில் ஒருத்தி ஒப்பாரிக்கு வாய் எடுத்தாள். செங்கேணி அவளைக் கையமர்த்திவிட்டுக் கைலியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். "வேர்வை வாசனை இன்னும் போகலை," என்றாள். "ஆள் இருக்குது."

மிச்சம் இருந்தது மேல் ரூம். தூணில் நிற்கிற ரூம் என்றால் கம்பெனிக்காரரிடம் வாடகை இன்னும் கூடுதலாகவே கேட்கலாம் என்று சஞ்சீவி நாட்டார் மெல்லச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். பட்டம்மாள் படி ஏறினாள். நெஞ்சில் பூனைக்குட்டி கத்தியது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதன் மேலேயே படுத்தாள். விடியற்காலையில் சுமந்த ஈரம் கொண்டைக்குள் இன்னும் இருந்தது, உறையில் ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது. ஜன்னலில் கடல் சட்டம் போட்டுக் காத்திருந்தது. நாளைக்கு ஒரு கையெழுத்து, அப்புறம் இந்த ஈரம் இல்லை. எவள் புருஷனோ. அவன் பெயரையே போன வாரம் வரைக்கும் கேட்டதில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. செங்கேணி மேலே வராமல் கடைசிப் படிக்கு முந்தின படியிலேயே நின்றாள்.

"உன் வூட்டுக்காரன் எப்படி, நல்லவனா?" என்று படுத்தபடியே கேட்டாள் பட்டம்மாள்.

"இல்லம்மா. குடிப்பாரு. கோவம் வந்தா சட்டியைத் தூக்கிப் போட்டு உடைப்பாரு."

"அப்புறம் இன்னாத்துக்குடி இந்தப் பாடு?"

செங்கேணி நிஜமாகவே யோசித்தாள். அவளை அந்தக் கேள்வி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"சோறு துன்னும்போது மீன்ல முள்ளு எடுத்துட்டு எனக்கு வைப்பாரு," என்றாள்.

பட்டம்மாள் எழுந்து, மெத்தையில் தான் கிடந்த இடத்தின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். ஜன்னலை மூடவில்லை. கீழே இறங்கி வந்து தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் போய் நின்று, மேல் ரூமையும் எடுத்துக்கொள் என்று, சண்டைக்காரக் குரலில் இல்லாமல், கடையில் சில்லறை கொடுக்கிற குரலில் சொன்னாள்.

கடல் படி படியாக ஏறியது. ரூம் போனது, தூண் போனது, படியும் போனது. அலை வடிந்தபோது, நிலைவாசல் இருந்த இடத்தில் கன்னியப்பன் அரைக்கால் டிராயரோடு, தூங்கி எழுந்தவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். முதல் வேலையாகக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஊர் ஓடிப்போய் அவனைச் சூழ்ந்தது. பட்டம்மாள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், கட்டைப் பிரித்து அழுகல் பார்க்கிற மாதிரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நோஞ்சான். நெஞ்சுக்கூடு எண்ணலாம். வலதுகாதில் பாதி இல்லை.

"இவ்ளோண்டு ஆளுக்கா மாடி வரைக்கும் போச்சு?" என்றாள்.

"எனக்கு இவ்ளோதான் அளவும்மா," என்றாள் செங்கேணி, அப்போதுதான் அவள் அழுதாள்.

சாயங்காலமே பஞ்சாயத்துக் கூடியது, ஏனென்றால் இனி கடல் யாருடையது என்று ஊருக்குத் தெரியவேண்டியிருந்தது. வீட்டை எடுத்துக்கொண்டு ஆளைக் கொடுத்துவிட்டது, அதோடு கணக்கு நேர், கடலுக்கும் அம்மாவுக்கும் இனி பேச்சில்லை என்றார் நாட்டார். பட்டம்மாள் ஈரப் புடவையோடு எழுந்து நின்றாள். கொடுத்தது கட்டடம், மனையை யாரும் கொடுக்கவில்லை, பட்டா என் பெயரில் இருக்கிறது, என் மனையில் வந்து ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். கூட்டம் வெற்றிலை மெல்லும் நேரம் யோசித்தது. குடித்தனக்காரன் என்பதைத் தவிர வேறு பெயர் யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படியே தீர்ப்பாயிற்று.

கம்பெனிக்காரர் திங்கட்கிழமை வந்து, காரிலிருந்து இறங்காமலே பார்த்துவிட்டுப் போனார். கடையை எடுத்துக்கொள்ள வந்த ஆளைப் பட்டம்மாள் திருப்பி அனுப்பினாள். மறுபடி சாக்கு தலையில் ஏறியது, தண்ணீர் பிடரியில் இறங்கியது. மருந்துக்கடையில் இழுப்பு மருந்தை வாங்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

மாசம் பிறந்தால் முதல் பஸ்ஸில் தாழங்காட்டுக்குப்பம் போகிறாள். கரையில் நின்று வாடகையைக் கேட்கிறாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்குகிறபோதே கடலுக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். வீட்டுக்காரர் வருகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் காட்டாமல் உள்ளே இருக்கிற குடித்தனக்காரனைப் போல, வெகுதூரம் பின்வாங்கிப் போய் மூச்சுக்கூட விடாமல் கிடக்கும். அந்த ஒரு நாளைக்குக் கட்டுமரங்களை ஓய்வாகக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்ப்பதென்று ஊரும் வழக்கம் வைத்துக்கொண்டுவிட்டது. அவள் ஈர மணலில் அதன் பின்னாலேயே நடந்துகொண்டு, எவ்வளவு தூரம் ஓடுவாய் என்று கேட்டுக்கொண்டே போவாள்; மூச்சு வாங்கினால் நிற்பாள்; நின்றுவிட்டு மறுபடி நடப்பாள்.

கோயம்பேட்டில், கட்டு எண்ணுகிற இடத்தில் யாராவது, இன்னாக்கா, பீச்சு வூட்டுக்கு ஆள் வந்தாச்சா என்று விசாரித்தால், சாக்கை இறக்காமலே பதில் சொல்கிறாள்.

"வந்தாச்சு. பெரிய எடம். குடும்பமும் பெருசு. வாடகைதான் இஸ்துகினே கீது."